பொட்டி நம்மளுது, வாசல் யாரோடது?

இது டெக்னிக்கல் பதிவா, புலம்பல் பதிவான்னு எனக்கே சரியாத் தெரியலை. ரெண்டும் கலந்துதான் இருக்கும். ஐபி, போர்ட், ரவுட்டர்னு வார்த்தைகளைப் பார்த்ததும் அடுத்த பதிவுக்குத் தாவ நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. இது என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க பிரச்சனை மட்டும் இல்லை. வீட்டுல இன்டர்நெட் கனெக்‌ஷன் வச்சிருக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு.

சொல்ல வர்றது இவ்வளவுதான். மாசாமாசம் காசு கட்டி நாம வாங்குறது பாதி இணைப்பு. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உங்க வீட்டுல ஒரு சர்வரை ஓட்டி, அதை ஊர்ல இருக்கிற நாலு பேரு பாக்கணும்னா, நடுவுல யாராவது ஒரு கம்பெனிக்காரர் தயவு வேணும். அந்த மறு பாதி எப்போ போச்சுன்னு யாரும் சொல்லலை, நாமளும் கேக்கலை.

ஆரம்பத்துல இப்படி இல்லைங்க. உலகத்தோட முதல் வெப் சர்வர் எங்க ஓடிச்சு? ஜெனிவா பக்கத்துல சேர்ன் ஆய்வுக்கூடத்துல, டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த கம்ப்யூட்டர்ல. 1990 கடைசியில. ஏசி போட்ட டேட்டா சென்டர் எல்லாம் கிடையாது, அவர் தட்டிக்கிட்டிருந்த நெக்ஸ்ட் பொட்டியேதான். யாராவது தெரியாம ஆஃப் பண்ணிடப் போறாங்கன்னு, இது சர்வர், அணைச்சிடாதீங்கன்னு சிவப்பு மையில கையால எழுதி அது மேல ஒட்டியிருந்தாங்க. அவர் எழுதின முதல் பிரவுசர்ல பக்கத்தைப் படிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். படிக்கிறவன் ஒருத்தன், எழுதுறவன் இன்னொருத்தன்னு பிரிக்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச காபி கதை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து கம்ப்யூட்டர் லேப்ல, ட்ரோஜன் ரூம்னு ஒரு அறைக்கு வெளியே காபி மெஷின் ஒண்ணு இருந்தது. மாடி ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தா காபி காலி. கடுப்பான ஆளுங்க 1991-ல ஒரு கேமராவை அதைப் பார்த்த மாதிரி வச்சு, லேப்போட லோக்கல் நெட்வொர்க்ல மட்டும் படம் தெரியுற மாதிரி பண்ணாங்க. கறுப்பு வெள்ளை, 128க்கு 128 புள்ளி, அவ்வளவுதான் படம். 1993 நவம்பர்ல அதே படத்தை வெப் சர்வர் வழியா வெளி உலகத்துக்கும் திறந்து விட்டாங்க. உலகத்தோட முதல் வெப்கேம் அதுதான். 2001 ஆகஸ்ட் 22-ம் தேதி நிறுத்துற வரைக்கும் எங்கெங்கேயோ இருந்து ஜனங்க அந்தக் காபிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அந்த மெஷினை ஏலம் விட்டப்போ ஒரு ஜெர்மன் பத்திரிகையோட இணையதளம் 3,350 பவுண்டுக்கு வாங்கிச்சு. லோக்கல் நெட்வொர்க்ல இருக்கிற ஒரு உருப்படியை இன்டர்நெட்ல தெரிய வைக்கிறதுன்னா அன்னைக்கு அவ்வளவு சுலபம். யார்கிட்டேயும் போய் நிக்கத் தேவையில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? விலாசம் தீர்ந்து போச்சு. ஐபிவி4-ல மொத்த விலாசமே சுமார் 429 கோடிதான், உலக மக்கள் தொகையை விடக் குறைவு. இதை 90களிலேயே யோசிச்சு 1994-ல நாட்னு ஒரு ஒட்டு வேலை பண்ணாங்க. 1996-ல, எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள மட்டும் 192.168-ல ஆரம்பிக்கிற நம்பரையும் 10-ல ஆரம்பிக்கிற நம்பரையும் வச்சுக்கலாம்னு இன்னிக்கும் இருக்கிற ஏற்பாடு வந்தது. வீட்டுக்கு ஒரே ஒரு பொது விலாசம், அது ரவுட்டர்கிட்ட. உள்ளே பத்து சாமான் இருந்தாலும் வெளியே தெரியுறது அந்த ஒண்ணுதான்.

உள்ளேயிருந்து ஒரு பாக்கெட் வெளியே போனா, யார் அனுப்பினதுன்னு ரவுட்டர் ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்கும். பதில் வந்தா நோட்டைப் பார்த்து உரியவங்ககிட்ட சேர்க்கும். யாரும் கேக்காம வெளியேயிருந்து தானா ஒரு பாக்கெட் வந்தா? நோட்டுல பேரு இல்லை, தூக்கிப் போட்டுரும். அதனாலதான் நாம நோட்டுல நிரந்தரமா ஒரு வரி எழுதி வைக்கணும்: 443-ம் போர்ட்டுக்கு யார் வந்தாலும் 192.168.1.10-கிட்ட அனுப்பு. போர்ட் ஃபார்வர்டிங்னு பெரிய பேரு சொல்றாங்களே, அது இந்த ஒரு வரிதான். உள்ளே இருக்கிற பொட்டியோட நம்பர் மாறாம இருக்க ரவுட்டர்லயே ஒதுக்கி வச்சிடணும். வெளி நம்பர் அப்பப்போ மாறினா டைனமிக் டிஎன்எஸ். அவ்வளவுதான், ஒரு சாயங்காலத்து வேலை.

ரெண்டு மூணு வெப் சர்வர் இருந்தா என்ன பண்றதுன்னு நிறைய பேர் குழம்புவாங்க. ஒரு போர்ட்டை ஒரு பொட்டிக்குத்தான் திருப்ப முடியும். ரெண்டாவதுக்கு 8080, மூணாவதுக்கு 8081-னு நம்பரை ஒட்டிக்கிட்டே போனா வேலை நடக்கும், ஆனா அந்த விலாசத்தை வீட்டுல யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது :-) நல்ல வழி, முன்னாடி ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி. என்ஜின்எக்ஸோ கேடியோ, உங்க இஷ்டம். எச்டிடிபி 1.1-ல ஒவ்வொரு கோரிக்கையும் எந்தத் தளத்துக்குன்னு பேரைச் சொல்லித்தான் வரணும். ப்ராக்ஸி அந்தப் பேரைப் பார்த்து, இது போட்டோ பொட்டிக்கு, இது கணக்குப் பொட்டிக்குன்னு பிரிச்சு அனுப்பிடும். பூட்டுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 கடைசியிலேர்ந்து சர்டிபிகேட்டை இலவசமாவே தருது. கேடி அதைத் தானே வாங்கி தானே புதுப்பிச்சுக்கும். ஒரே வாசல், உள்ளே எத்தனை அறை வேணும்னாலும் வச்சுக்கலாம்.

இதெல்லாம் பொது விலாசம் உங்க ரவுட்டர்கிட்ட இருந்தாத்தான். ஆப்பு அங்கதான் இருக்கு.

2011 பிப்ரவரி 3-ம் தேதி உலக அளவுல இருந்த கடைசி ஐபிவி4 கட்டுகளையும் பிரிச்சுக் குடுத்து முடிச்சாங்க. ஆசியா பசிபிக் பகுதியோட கையிருப்பு அதே வருஷம் ஏப்ரல்லயே ரேஷனுக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் கோடிக்கணக்குல இணைப்பு குடுத்த நம்ம ஊரு நிறுவனங்க என்ன பண்ணும்? வீட்டுக்கு ஒரு விலாசம்ங்கிற கதை முடிஞ்சுது. நம்ம ரவுட்டர் பண்ற அதே வேலையை, அதுக்கும் மேல நிறுவனத்தோட பெரிய பெட்டி ஒண்ணு தெருவுக்கே சேர்த்துப் பண்ண ஆரம்பிச்சுது. இதுக்குன்னே 2012 ஏப்ரல்ல 100.64-லேர்ந்து 100.127 வரைக்கும் தனியா ஒரு நம்பர் வரிசையும் ஒதுக்கினாங்க. சீஜிநாட்னு பேரு.

பெரிய அப்பார்ட்மென்ட்ல குடியிருக்கோம். மொத்த கட்டிடத்துக்கும் ஒரே கதவிலக்கம். கீழ வாட்ச்மேன். நீங்க போன் பண்ணி வரச் சொன்ன பீட்சா பையனை மேல விடுவார். தானா உங்களைத் தேடி வர்ற சொந்தக்காரரை, யாரைப் பாக்கணும்னே கேக்காம திருப்பி அனுப்பிடுவார். உங்க பிளாட் கதவை நீங்க அகலத் திறந்து வச்சாலும் பிரயோஜனம் இல்லை, ஏன்னா வாட்ச்மேனோட நோட்டுல எழுதுற உரிமை உங்களுக்குக் கிடையாது.

உங்க வீட்டு நிலைமை தெரியணுமா? ரவுட்டர் பக்கத்துல வேன் ஐபின்னு ஒரு நம்பர் காட்டும். என் ஐபி என்னன்னு சொல்ற ஏதாவது ஒரு தளத்துக்குப் போய் அங்கே வர்ற ஐபிவி4 நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னா நீங்க பாக்கியசாலி. வேன் ஐபி 100.64 வகையறாவோ 10-ல ஆரம்பிக்கிறதோ ஆனா, வாட்ச்மேன் இருக்கார்.

இது ஏதோ பொழுதுபோகாதவன் கவலைன்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு கதை. எங்க மாமா தஞ்சாவூர் பக்கம் சின்னதா ஒரு அரவை மில் வச்சிருக்கார். நெல் வரத்து, மூட்டைக் கணக்கு, அரவைக் கூலி, யார் எவ்வளவு பாக்கி, எல்லாத்துக்கும் சேர்த்து நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் குடுத்தேன். மில் ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஓடுது. உள்ளே ஒய்ஃபைல இருக்கிறவங்க பிரவுசர்ல பாப்பாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்தது. ஒரு நாள் மாமா கும்பகோணத்துல இருந்துக்கிட்டு போன் பண்ணார்.

"மாப்ளே, இங்கேருந்து பாக்கிக் கணக்கைப் பாக்க முடியலையே?"

"மாமா, அதுக்கு வெளிய ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கணும். மில்லுல இருக்கிறது நேரா வெளிய தெரியாதுங்க."

"கம்ப்யூட்டர் என் ஆபீஸ்ல. கரண்ட் பில்லு நான் கட்டுறேன். நெட்டு பில்லும் நான்தான் கட்டுறேன். என் கணக்கை நான் பாக்க எவனோ ஒருத்தன்கிட்ட ஏன்டா கேக்கணும்?"

பி.இ. படிச்ச மூளை பதில் தேடிப் பார்த்துச்சு, கிடைக்கலை.

கனெக்‌ஷன் குடுத்த நிறுவனத்தோட வாடிக்கையாளர் சேவைக்கு நானே பேசினேன். முதல் ஆள் ரவுட்டரை அணைச்சுப் போடச் சொன்னார். ரெண்டாவது ஆள், நெட் வேலை செய்யுதா சார்னு கேட்டார், செய்யுதுன்னேன், அப்புறம் என்ன சார் பிரச்சனைன்னு வச்சுட்டார். மூணாவது ஆள் விஷயம் தெரிஞ்சவர். பொது ஐபி வேணும்னா வியாபாரத் திட்டத்துக்கு மாறணும் சார்னு ஒரு தொகை சொன்னார். மாமா கட்டுற மாதிரி தொகை இல்லை.

கடைசியில மாசம் சில நூறு ரூபாய்க்கு வெளிய ஒரு குட்டி சர்வர் எடுத்து, மில் கம்ப்யூட்டர்லேர்ந்து அதுக்கும், மாமா போன்லேர்ந்து அதுக்கும் வயர்கார்டு போட்டு இணைச்சேன். நடுவுல இருக்கிற சர்வர்ல எந்தக் கணக்கும் இல்லை, பாக்கெட்டைக் கை மாத்தி விடுறது மட்டும்தான் அதோட வேலை. இதை யாருக்கும் தயங்காம சிபாரிசு பண்ணுவேன். சொல்லப்போனா மாமாவுக்குப் பொது ஐபியே கிடைச்சிருந்தாலும் கணக்கை வெளிய திறந்து விட்டிருக்க மாட்டேன். நாலு பேர் மட்டும் பாக்க வேண்டியதுக்கு விபிஎன்தான் சரி. ஊரே பாக்க வேண்டியதுக்குத்தான் திறந்த வாசல். ரெண்டையும் குழப்பிக்கிறவங்கதான் அதிகம்.

"இதுக்குத்தான் டனல் இருக்கே, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுதே"ன்னு யாராவது கண்டிப்பா சொல்வீங்க. ஆமா, இருக்கு. என்க்ராக் இருக்கு. கிளவுட்ஃபிளேர் டனல் 2021-லேர்ந்து எல்லாருக்கும் இலவசம். டெயில்ஸ்கேல் ஃபனல் இருக்கு. எல்லாத்துக்கும் சூட்சுமம் ஒண்ணுதான்: உள்ளேயிருந்து வெளிய போக வாட்ச்மேன் தடுக்க மாட்டார் இல்லையா, அதனால உங்க பொட்டியே வெளிய இருக்கிற அவங்க சர்வருக்குப் போன் போட்டு லைனைக் கட் பண்ணாம வச்சுக்கும். வர்றவங்க அவங்ககிட்ட வருவாங்க, அவங்க அந்த லைன் வழியா உங்ககிட்ட அனுப்புவாங்க. அருமையான வேலை. நானும் பயன்படுத்துறேன், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டுப் பயன்படுத்துங்க. கிளவுட்ஃபிளேர் மாதிரி சேவையில எச்டிடிபிஎஸ் பூட்டு அவங்க இடத்துலயே திறக்கப்பட்டு, அங்கேருந்து வேற பூட்டு போட்டு உங்ககிட்ட வருது. படிக்கிறாங்கன்னு நான் சொல்லலை, படிக்க முடிகிற இடத்துல இருக்காங்கன்னு சொல்றேன். டெயில்ஸ்கேல் ஃபனல்ல பூட்டு உங்க பொட்டிக்கு வந்துதான் திறக்கும், அது ஒரு படி மேல. எதுவா இருந்தாலும் வாசல் அவங்களோடது. 2025 நவம்பர் 18-ம் தேதி கிளவுட்ஃபிளேர் உள்ளே ஒரு கோப்பு எதிர்பார்த்ததை விடப் பெருசாகி, எக்ஸ், சாட்ஜிபிடின்னு பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறிச்சு. வீட்டு அலமாரியில நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பொட்டி, அன்னைக்கு அவங்க வழியா வந்தவங்களுக்கு இல்லாமலே போச்சு.

நம்மள்ல பழைய ஆளுங்களுக்கு ஜியோசிட்டீஸ் ஞாபகம் இருக்கும். 2009 அக்டோபர்ல யாஹூ அதை மூடினப்போ எத்தனை பேரோட முதல் தமிழ்ப் பக்கம் காணாமப் போச்சு? நம்ம எழுத்து அடுத்தவன் பொட்டியில இருந்தா இந்த கதிதான்னு அப்போ எல்லாரும் பேசினோம். இப்போ பொட்டி மலிவாயிடுச்சு. ராஸ்பெரி பை மாதிரி ஒரு உள்ளங்கை பொட்டி 5 வாட்டுல ஓடினா மாசத்துக்கு நாலு யூனிட் கரண்ட் கூட ஆகாது. ஃபைபர்ல ஏத்துற வேகமும் இறக்குற வேகமும் ஒண்ணாவே வர்ற திட்டங்கள் இருக்கு. ஏடிஎஸ்எல்2+ காலத்துல இறக்க 24 எம்பிபிஎஸ், ஏத்த 1 எம்பிபிஎஸ்னு இருந்ததே, அந்தக் கஷ்டம் தீர்ந்துச்சு. பொட்டி இருக்கு, வேகம் இருக்கு, மென்பொருள் இலவசம். வாசல் மட்டும் இல்லை.

பாதுகாப்பு பத்தி நியாயமான கேள்வி வரும். வரணும். 2013-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க ஜிமேப்னு ஒரு கருவியை வெளியிட்டாங்க. ஒரே கம்ப்யூட்டர், ஒரு ஜிகாபிட் இணைப்பு, மொத்த ஐபிவி4 உலகத்தையும் 45 நிமிஷத்துக்குள்ள கதவு தட்டிப் பார்த்துடும். அதனால யாருக்கும் சொல்லாம ஓரமா ஒரு போர்ட்டைத் திறந்து வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, ஓரம்னு ஒண்ணு இன்டர்நெட்ல கிடையாது. 2016-ல மிராய் வந்துச்சே, கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு பாஸ்வேர்டை மாத்தாம வச்சிருந்த சாமான்களுக்குள்ள புகுந்து, அக்டோபர் 21-ம் தேதி டைன்னு ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தை அடிச்சு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல பல பேருக்குத் திறக்காமப் பண்ணிச்சு. மிராயை எழுதினது இருபது வயசைச் சுத்தி இருந்த மூணு பசங்க. அவங்க கையில இருந்த மந்திரம் அறுபத்து சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடி, அவ்வளவுதான்.

அதனால எல்லாருக்கும் வாசலை அகலத் திறந்து விடுங்கன்னு நான் கேக்கவே இல்லை. மூடியே குடுங்க, ரொம்ப சந்தோஷம். தாழ்ப்பாள் எங்க பக்கம் இருக்கட்டும்னுதான் கேக்கறேன். மாமா மில்லுல சிசிடிவி போட வந்தவர் டிவிஆருக்கு வெளிப் போர்ட் திறக்கப் பார்த்து, சீஜிநாட்டால முடியாமத் திரும்பிப் போனது நல்லதுதான். அதையே காரணமா காட்டி, ஒழுங்காப் பூட்டத் தெரிஞ்சவனுக்கும் வாசல் கிடையாதுங்கிறது எந்த ஊரு நியாயம்?

விலாசம் தீர்ந்ததுக்குத் தீர்வும் கையிலேயே இருக்கு. ஐபிவி6. ஒரு வீட்டுக்குக் குடுக்கிற ஒரே ஒரு /64 கட்டுலயே மொத்த ஐபிவி4 உலகத்தைப் போல 429 கோடி மடங்கு விலாசம். ஐபிவி6 பயன்பாட்டுல உலகத்துல முன் வரிசையில இருக்கிற நாடு நம்ம நாடு. 2016 செப்டம்பர்ல வந்த ஜியோ அதைப் பெரிய அளவுல கொண்டு வந்தது அதுக்கு முக்கியமான காரணம். நம்ம வீட்டு போன், டிவி, லேப்டாப் ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா பொது விலாசம் இப்பவே இருக்க வாய்ப்பு அதிகம். நாட் இல்லை, வாட்ச்மேன் நோட்டு இல்லை.

ஆனா ரவுட்டரோட ஃபயர்வால் உள்ளே வர்றதை மொத்தமா மறிக்கும். முதல்ல மறிக்கிறது சரிதான், 2011-ல வந்த ஆர்எஃப்சி 6092-வும் மறிக்கிறதையே பரிந்துரைக்குது. ஆனா அதே ஆவணம், இஷ்டப்பட்டா பயனாளியே திறந்துக்கிற வசதியும் வேணும்ங்குது. நிறுவனங்க இலவசமாக் குடுக்கிற ரவுட்டர்கள்ல அந்த இடம்தான் சொதப்பல். நான் பார்த்ததுல ஒண்ணுல அந்தப் பக்கமே இல்லை, இன்னொண்ணுல இருக்கு ஆனா அட்மின் பாஸ்வேர்டு நிறுவனத்துக்கிட்ட. கூடவே விலாசக் கட்டும் அப்பப்போ மாறும், அதுக்கு டைனமிக் டிஎன்எஸ். பார்க்க வர்றவர் ஐபிவி4 மட்டும் இருக்கிற நெட்வொர்க்ல இருந்தா அவருக்குத் தெரியாது. முழுத் தீர்வு இல்லைதான். முக்கால் தீர்வு கையில இருக்கும்போது அதைப் பூட்டி வச்சிருக்காங்களேங்கிறதுதான் என் கோபம்.

அரசாங்கத்து பிராட்பேண்ட் வரையறையையே எடுத்துக்குங்க. 2013-ல குறைந்தது 512 கேபிபிஎஸ், 2023-ல குறைந்தது 2 எம்பிபிஎஸ். ரெண்டுலயும் கணக்கு இறக்குற வேகத்துக்கு மட்டும்தான். 2016 பிப்ரவரியில ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு விலை வைக்கக் கூடாதுன்னு ட்ராய் உத்தரவு போட்டப்போ நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனா அந்தச் சண்டை முழுக்க நாம எதை எடுத்துப் பார்க்கலாம்ங்கிறதைப் பத்தி. நம்மகிட்ட இருக்கிறதை அடுத்தவங்க வந்து பார்க்கலாமாங்கிற கேள்வி அன்னைக்கு எழவே இல்லை. அடுத்த தடவை இந்த மாதிரி கருத்து கேட்டு அறிக்கை வந்தா நான் ரெண்டே விஷயம் எழுதப் போறேன். ஒண்ணு, இணைப்பு விக்கும்போதே சீஜிநாட் உண்டா இல்லையான்னு விலைப்பட்டியல்லயே போடணும். ரெண்டு, ஐபிவி6 ஃபயர்வாலோட சாவி வாடிக்கையாளர் கையில இருக்கணும். நிறுவனத்துக்குப் புதுசா ஒரு விலாசம் கூடச் செலவு இல்லை. ஒரு மெனுவைத் திறந்து விட்டாப் போதும்.

ஆபீஸ்ல ஆணி குறைஞ்சதும் ரிவர்ஸ் ப்ராக்ஸி அமைக்கிறதை மட்டும் தனிப் பதிவாப் போடறேன். அதுவரைக்கும் உங்க ரவுட்டர்ல வேன் ஐபி எந்த நம்பர்ல ஆரம்பிக்குது, ஐபிவி6 ஃபயர்வால் பக்கம் கண்ணுல படுதான்னு பார்த்து பின்னூட்டத்துல சொல்லுங்க. முதல் ரெண்டு எண் போதும், முழு ஐபியையும் போட்டு வச்சுடாதீங்க :-)

பி.கு: எல்லாம் சரியாப் பண்ணியும், வீட்டு ஒய்ஃபைல இருந்து உங்க தளத்தோட பேரை அடிச்சாத் திறக்கலைன்னா உடனே எல்லாத்தையும் கலைச்சுப் போட வேண்டாம். உள்ளேயிருந்து கிளம்பி சொந்தப் பொது விலாசத்துக்கே போற பாக்கெட்டைத் திரும்ப உள்ளே விடச் சில ரவுட்டர்களுக்குத் தெரியாது. போன்ல ஒய்ஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல ஒரு தடவை பாருங்க, அங்கே திறந்தா உங்க வேலை சரியாத்தான் இருக்கு.